பெட்டி சொன்னதும் நான் சொன்னதும்

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. பேனாவைப் பிடித்தால் வரி மேலே ஏறும், இல்லாவிட்டால் கீழே சரியும். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. அச்சுக் கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் இதில் வருகிறவர்கள் பேசியதை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேசியதைத் திருத்திச் சொன்ன தப்பை நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சமயநல்லூருக்கு மேற்கே, ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் ஒரு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது. உலகச் சண்டை தொடங்கிய காலத்தில் பஞ்சாயத்து போர்டு எங்கள் சாவடியில் ஒரு ரேடியோப் பெட்டி வைத்தது. பெட்டிக்குப் பாதிப் பணம் சர்க்கார் கொடுத்தது. மீதி ஊர் வீட்டு வரியில் இருந்து போனது. மரக்கூட்டுக்குள் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி என்னிடம். பெட்டியைத் திறக்கலாம், மூடலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறு ஊர் ரேடியோவுக்குத் திருப்ப மட்டும் முடியாது. சர்க்கார் நிலையத்துக்கு முள்ளை வைத்து மெழுகு முத்திரை போட்டே அனுப்பியிருந்தார்கள். சாவடிக் கூரையில் ஒரு தகரக் குழாய், கடைத்தெருவைப் பார்த்தபடி.

ஊரில் மின்சாரம் கிடையாது. பெட்டி பேசுவது பேட்டரியில். அந்தப் பேட்டரிக்கு வாரம் ஒரு தடவை மின்சாரம் ஏற்ற வேண்டும். போர்டு பிரசிடெண்டுக்கு நெல் மில் இருந்தது. மில் எஞ்சினிலிருந்துதான் ஏற்றிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். நான் அதை மரத் தொட்டியில் வைத்துத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு போவேன். தளும்பினால் உள்ளே இருக்கும் திராவகம் தெறித்து வேட்டி பொத்தலாகிவிடும். அந்த வருஷங்களில் பொத்தல் இல்லாத வேட்டி எனக்கு ஒன்றுகூட இருந்ததில்லை.

பிரசிடெண்டு எனக்கு மாமா முறை. இந்த வேலை அவர் சொல்லிக் கிடைத்தது.

நான் கூச்ச சுபாவம். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். கல்யாணத்தில் மாலை மாற்றியபோதுகூட நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவனுக்கு ஊருக்கே சேதி சொல்கிற வேலை எப்படி வந்தது என்றால், ரேடியோவில் பேசின தமிழால் வந்தது. அது புத்தகத் தமிழ். வேகமாகவும் பேசுவார்கள். குழாயின் கரகரப்பு வேறு. செய்தி முடிந்ததும், "என்னப்பா சொன்னான்?" என்று பத்துக் குரல் கேட்கும். பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் உட்கார்ந்தவனும் நான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடியே, நம்ம பேச்சில் திருப்பிச் சொல்வேன். முகங்களைப் பார்க்காவிட்டால் எனக்குப் பேச வரும். சொல்லி முடித்துப் பூட்டைப் பூட்டிவிட்டுத்தான் திரும்புவேன். கொஞ்ச நாளில் இது வழக்கமாகிவிட்டது. பெட்டி பேசும்போது வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் தொண்டையைச் செருமினால்தான் அமைதியாவார்கள்.

ஒரு தடவை பெட்டி, மழைக்கு இடமுண்டு என்றது. நான், "மழ வருதாம்" என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி ரெண்டு பேர் விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார்கள். மழை வரவில்லை. அவர்களில் ஒருவர் முளைவிட்ட நெல்லை ஒரு கைப்பிடி கொண்டுவந்து என் மடியில் கொட்டிவிட்டு, "இந்தா, ஒன் மழையில மொளச்சது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் வாயிலிருந்து போகிற ஒரு வார்த்தைக்கு இம்புட்டுக் கனம் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

கேட்க வருகிறவர்களில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது இளையவர், கதர்ச் சட்டை போடுகிறவர். பெட்டியை நம்பவே மாட்டார். தினமும் எனக்கு ஒரு கேள்வி வைத்திருப்பார்.

"அண்ணே, இன்னைக்கு வெள்ளக்காரன் எங்கன ஜெயிச்சுக்கிட்டே பின்னாடி வந்தான்?"

கூட்டம் சிரிக்கும். மாமா மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

சாவடிக்குக் கிழக்கே வாய்க்கால். அதற்கு அந்தப்பக்கம் வயல் வேலை செய்கிறவர்களின் குடிசைகள். அவர்கள் சாவடி முற்றத்துக்குள் வரக்கூடாது என்பது ஊர்க் கட்டு. குழாயும் வேறு பக்கம் பார்த்தது. ஆகவே அவர்களுக்குக் காதில் விழுவது வெறும் இரைச்சல். என் வீடு வாய்க்கால் ஓரம். வீட்டுக்குப் போகிற வழியில் பனைமரத்தை வெட்டிப் போட்ட பாலம் ஒன்று உண்டு. அங்கே ஓர் அம்மா புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய மூத்த மகன் முந்தின வருஷம் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினவன். அவன் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார். ஊர்ப் பெயர் இருந்த இடத்தையெல்லாம் கறுப்பு மை பூசி அழித்திருப்பார்கள். கூடப் போய்க் காலில் அடிபட்டுத் திரும்பிவந்த ஒருவர் சொல்லித்தான், அவன் இருப்பது சிங்கப்பூர் என்று தெரிந்தது.

"பெட்டி என்ன சாமி பேசுச்சு?" என்பார்.

சாவடியில் சொன்னதைப் பாலத்தில் இன்னொரு தடவை சொல்வேன். அவர் ஒருவர்தானே, அதனால் எனக்கு அவ்வளவு கூச்சம் இருக்காது.

அந்த மாசி மாதப் பிறப்பில், ஒரு திங்கட்கிழமை, சிங்கப்பூர் போய்விட்டது என்று பெட்டி சொன்னது. நேராகச் சொல்லவில்லை. வீரமாகப் போராடின பிறகு, பொதுமக்களின் உயிரை முன்னிட்டு, என்று எதையெதையோ முன்னால் வைத்து, கடைசியில் நமது படைகள் சரணடைந்தன என்றது. பிறகு உடனே வேறு நாட்டில் கிடைத்த வெற்றி ஒன்றுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பருத்தி, வேர்க்கடலை விலை.

நான் தொண்டையைச் செருமினேன். அப்போது மாமா நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து, பொடி பிடித்த கையைக் கொஞ்சமாக உயர்த்தினார். ஆட்டை நிறுத்துகிற மாதிரி ஒரு கை.

"மாப்ள, இன்னைக்கு வெலவாசி மட்டும் சொல்லு. போதும்."

காரணம் எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கமிருந்து ஆள் தருவதாக மாமா தாலுகாவில் சொல்லி வைத்திருந்தார்.

நான் விலைவாசி மட்டும் சொன்னேன். சைக்கிள் கடைக்காரர், "அண்ணே, சிங்கப்பூரு வெல என்னண்ணே?" என்று கத்தினார். நான் பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் அந்த அம்மா நின்றார்.

"சிங்கப்பூரப் பத்தி எதும் பேசுச்சா சாமி?"

"பருத்தி வெலயும் கடல வெலயுந்தான் தாயி சொன்னேன்."

பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டி என்ன பேசியது என்று அவர் கேட்டார். நான் பேசியதை அவருக்குச் சொன்னேன்.

"அப்ப சொகமாத்தான் இருப்பான்" என்றார் அவர். "மாசாமாசம் மணியார்டரும் வருது. அறுப்பு முடிஞ்சு போச்சு, இனிமே இங்கன என்ன வேல இருக்கு? வெள்ளிக்கெழம எளையவனையும் எழுதிப் போட்டுறலாம்னு இருக்கேன் சாமி. அண்ணங்கிட்டயே அனுப்பச் சொல்லிக் கேக்கணும்."

புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பேட்டரி முறை. மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா எஞ்சின் பக்கத்தில் நின்று உமியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேட்டரியை இறக்கி வைத்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

"என்ன மாப்ள, கோழி தண்ணி குடிக்கிற மாதிரி? சொல்லு."

"இல்ல மாமா, சிங்கப்பூரு. அந்த அம்மாவுக்கு மூத்தவன் அங்கனதான்…"

"தெரியும்."

"எளையவனயும் அனுப்பப் போகுது."

"அனுப்பட்டும். ஏன், இங்கன கெடந்து என்ன திம்பான்? அங்க மூணு வேள சோறு, உடுப்பு, வீட்டுக்குப் பணம். நீ போடுவியா சோறு? நான் போடுவேனா?"

இன்று வரைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு அது தர்மமாகவே தோன்றியிருக்கலாம்.

"பெட்டி எல்லாருக்கும் பொதுவுன்னு வச்சதுதானே மாமா" என்றேன். சத்தமில்லாமல்தான் சொன்னேன்.

அவர் பேட்டரியைக் காலால் லேசாகத் தொட்டுக் காட்டினார். "பெட்டி பொது. இது? இதுக்கு எஞ்சின் எண்ணெய் யாரு ஊத்துறது? இது இல்லாட்டி பெட்டி வெறும் மரம். போ மாப்ள, சாயந்தரம் வந்து எடுத்துக்க."

செவ்வாயும் புதனும் மாமா சொன்னபடியே சொன்னேன். பாலத்து வழியைவிட்டு வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை செய்தி முடிந்ததும் திருப்பிச் சொல்லாமலே பெட்டியைப் பூட்டினேன். "என்னப்பா, இன்னைக்கு நாக்குல புண்ணா?" என்று யாரோ கேட்டார்கள். நேரே பாலத்துக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த அம்மா இருந்தார். இளைய மகனும் இருந்தான். வேலை முடிந்து வந்த வேறு ஏழெட்டுப் பேர் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதுகைக் காட்ட அங்கே பெட்டி இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் இருந்தது.

"சிங்கப்பூரு போயிருச்சு தாயி" என்றேன். "திங்கக்கெழமையே பெட்டி சொல்லிருச்சு. நம்ம பட்டாளத்த எல்லாம் ஜப்பான்காரன் பிடிச்சு வச்சுக்கிட்டான். உசுரோட எம்புட்டுப் பேரு இருக்காகன்னு சொல்லல. ஒன் மகனப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் மூணு நாளாச் சொல்லாம இருந்துட்டேன்."

கால் கழுவினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மூணு நாளா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா."

"எங்க குடிசைக்கும் வரி வாங்குறீகல்ல சாமி?"

"வாங்குறாக."

"பெட்டிக்கு அதுலயும் காசு போயிருக்கும்ல?"

"போயிருக்கு தாயி."

"அப்ப எங்க காசுக்கு உள்ள சேதிய எதுக்கு நீங்க வச்சுக்கிட்டீக?"

அவர் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அழவில்லை. கடைக்காரன் எடையைக் குறைத்துவிட்டால் கேட்கிற குரலில் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் வந்தது. ஓர் அதிகாரி, அளவு நாடாவோடு ஒரு குமாஸ்தா. எல்லோரும் அளவுக்கு நிற்க வேண்டும் என்பதால் அன்று ஒரு நாள் மட்டும் வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து ஆட்களைச் சாவடி முற்றத்துக்குள் வரச்சொன்னார்கள். ஊர்க் கட்டு என்று எவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவும் இளைய மகனோடு வந்தார். குழாய்க்கு நேர் கீழே நின்று அண்ணாந்து அதை ஒரு தடவை பார்த்தார். அவன் முறை வந்தது. குமாஸ்தா நாடாவை மார்பில் வைத்தார்.

"சாமி, செத்த இருங்க" என்றார் அந்த அம்மா. "இவனுக்கு மூத்தவன் சிங்கப்பூருல இருந்தான். அவன் இப்ப எங்கன இருக்கான்னு சொல்லுங்க. சொல்லிட்டு இவன அளங்க."

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, அந்த ஒரு தடவை தரையைப் பார்க்கத் தோன்றவில்லை.

"அதெல்லாம் இங்க கேக்கக்கூடாதும்மா. மேல எழுதிப் போடணும்" என்றார் குமாஸ்தா.

"அப்பச் சரி. நீங்க எழுதிப் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. இவன் இங்கனதான் இருப்பான்."

மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வேறு நாலு பேர் சேர்ந்தார்கள். தெரிந்துதான் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம், "சோறுன்னு ஒண்ணு இருக்குல்ல சாமி" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினார். இளையவன் மேலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனான். அந்தப் பங்குனி, சித்திரையில் அவர்கள் வீட்டில் என்ன காய்ச்சிக் குடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனபோது, எஞ்சின் ரிப்பேர் என்றார்கள். எஞ்சின் ஓடுகிற சத்தம் தெரு முனை வரை கேட்டது. மாமா வெளியே வரவில்லை. இரண்டு மாதம் பெட்டி பேசவில்லை. ஊரில் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். ஒருவரும் மில்லைத் திட்டவில்லை. "ஒன்னால பாட்டும் போச்சு" என்று ஒருவர் என் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். என்னை வேலையைவிட்டு நீக்காததற்கு ஒரே காரணம், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களை மாட்டத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை என்பதுதான்.

பிறகு தாலுகாவிலிருந்து வந்தவர் ஏன் பெட்டி மூடியிருக்கிறது என்று கேட்டபோது, சைக்கிள் கடைக்காரர் முன்னால் வந்தார். பேட்டரியைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டிச் சமயநல்லூருக்குக் கொண்டுபோய் ஏற்றிவருவதாகச் சொன்னார். செலவு அவருடையது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம்தான்.

"அண்ணே, பெட்டி சொல்றத அப்படியே சொல்லாதீக. நாலு வார்த்த சேத்துச் சொல்லுங்க. ஜப்பான்காரன் கல்கத்தாவுக்கு வந்துட்டான், வெள்ளக்காரன் மூட்ட கட்டுறான்னு."

"பெட்டி அப்படிச் சொல்லலயே தம்பி."

"பெட்டி பொய்தான சொல்லுது? பொய்யத் திருப்பிப் போட்டா நெசம் வரும்ல?"

நான் சேர்க்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டார், ஆனால் பேட்டரியை நிறுத்தவில்லை. அந்த விதத்தில் நல்லவர். இதை எழுதும்போது அதை விட்டுவிடக் கூடாது.

சண்டை முடிந்தது. மூத்தவனைப் பற்றி ஒரு காகிதம் வந்தது. காணாமல் போனவர் என்று அதில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. செத்துப்போனார் என்று அதில் இல்லை, ஆகவே நானும் சொல்லவில்லை. அந்த அம்மா காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் பாலத்தில் நின்றார்.

வெள்ளைக்காரன் போனான். போர்டுக்குத் தேர்தல் நடந்து சைக்கிள் கடைக்காரர் பிரசிடெண்டானார். மாமா உட்கார்ந்த அதே நாற்காலி. பேட்டரிச் செலவு இப்போது போர்டுக் கணக்கில். பெட்டி அதே பெட்டி, மெழுகு முத்திரையும் அப்படியே இருக்கிறது. புது சர்க்கார் போகிற இடமெல்லாம் ஜெயிக்கிறது. ஒரு நாள் அவரிடம், "தம்பி, இப்ப எங்கன ஜெயிச்சுக்கிட்டே பின்னாடி வாராக?" என்று கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கூச்சம் தடுத்துவிட்டது.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். செய்திக்குப் பிறகு பெட்டியில் ஒரு பேச்சு வந்தது. கிணறு, சாவடி, பள்ளிக்கூடம் மாதிரிப் பொது இடங்களில் எவரையும் தடுக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது, தடுத்தால் தண்டனை உண்டு என்று ஒருவர் பேசினார். நல்ல புத்தகத் தமிழ். கூட்டத்துக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். பிரசிடெண்டு எழுந்து பக்கத்தில் வந்தார். கையைக் கொஞ்சமாக உயர்த்தினார்.

"அண்ணே, இது மட்டும் இன்னைக்கு வேணாம். நல்ல சட்டந்தான், நான் இல்லங்கல. ஊரு சூடாயிரும். சமயம் பாத்து நானே சொல்றேன்."

அவர் மூக்குப்பொடி போடுகிறவர் இல்லை. மற்றபடி அது அதே கை.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே நிற்கிறவன் நான், இன்று திரும்பி நின்று அந்தப் பேச்சைச் சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பிரசிடெண்டு, "நாளைக்கு சாவியக் கொண்டாந்து போர்டுல குடுத்துருங்கண்ணே" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

பாலத்தில் அந்த அம்மா நின்றார். இப்போது புல்லுக்கட்டு தூக்குவதில்லை, கையில் ஒரு குச்சி. வாய்க்காலில் புதுத்தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. சாவடியில் சொன்னதையே அவருக்கும் சொன்னேன்.

"சாவடிக்குள்ளயும் வரலாமா சாமி? சட்டத்துலயே இருக்கா?"

"இருக்கு தாயி. ஆனா நாளைக்கு சாவி எங்கிட்ட இருக்காது. திருப்பிச் சொல்ல நான் இருக்க மாட்டேன்."

அவர் குச்சியைப் பாலத்தில் ஊன்றிக்கொண்டார்.

"நீங்க இம்புட்டு வருசமாச் சொல்லிக் கேட்டாச்சு. அது பேசுறதுல பாதி எனக்கே வெளங்கும் சாமி. நாளைக்கு நானே உள்ள வந்து ஒக்காந்து கேட்டுக்கிறேன். நீங்களும் வாங்க, சும்மா பக்கத்துல இருங்க."

போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதத் தொடங்கினேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. நடந்ததை வேறொருவர் சொல்வதற்கு முன்னால், நடந்தபடியே எழுதி வைத்துவிட்டேன்.

சர்வதாரி வருஷம், ஆடி மாதம் பதினேழாம் தேதி.